கல்வெட்டுப் படம் போர்டில் மங்குவது ஏன்?

கேள்வி: மாங்குளத்தில் உள்ள தமிழி (தமிழின் பழைய எழுத்து வடிவம்) கல்வெட்டைப் போனில் படமெடுத்து, ஒன்பதாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டில் போட்டேன். எழுத்தே தெரியவில்லை. பணியிடைப் பயிற்சியில் இதெல்லாம் சொல்லித் தருவதில்லை. என்ன செய்வது?
- வரலாற்று ஆசிரியை, மேலூர்

பதில்: ஃபிளாஷ் போட்டு எடுத்திருப்பீர்கள். நேராக விழும் வெளிச்சம் வெட்டுக்குள் நிழலை விடாது. பாறையும் எழுத்தும் ஒன்றாகிவிடும். ஃபிளாஷை அணைத்து, உடன் வருபவர் டார்ச்சைப் பாறையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்கட்டும். இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என 2 படம் எடுங்கள். ஒன்றில் மறையும் கோடு மற்றதில் எழும்பும். சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தை நிரப்பவே கூடாது, அது கல்லைக் கெடுக்கும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். வகுப்பில், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும் வரியை மட்டும் பெரிதாக்கி, பிள்ளைகள் 10 நிமிடம் எழுத்துக்கூட்டிய பிறகே வாசிப்பைக் காட்டுங்கள்.