பூச்சிய ஃப்ரிட்ஜுல வெச்சு படம் எடுக்கலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

சார் வணக்கம்,

கரூர்ல இருந்து எழுதுறேன். மொட்டமாடில கொஞ்சம் தொட்டி வெச்சிருக்கோம், கறிவேப்பிலை, அவரை, செம்பருத்தி, ஒரு எலுமிச்சை. நீங்க போடுற பூச்சி படங்கள பாத்து பாத்து எனக்கும் ஆசை வந்துடுச்சு. கையில இருக்கறது பழைய கேனான் டிஎஸ்எல்ஆரும் அதோட வந்த 18-55 லென்ஸும்தான், கிட்டப்போய் பெருசா படம் எடுக்கற மேக்ரோ லென்ஸ் விலைய வீட்ல சொன்னா சோறு கிடைக்காது. கிட்ட போனா ஃபோகஸே ஆகல. ஃபோன்ல மாட்டுற கிளிப் லென்ஸ் வாங்கி பாத்தேன், கண்ணு கிடைச்சா கால் மங்கல், கால் கிடைச்சா கண்ணு மங்கல். ஒரு வீடியோல பூச்சிய டப்பால போட்டு கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜுல வெச்சா அசையாம நிக்கும்னு சொல்றாங்க. செய்யலாமா சார்?

- ஒரு வாசகர்

தம்பி வணக்கம்,

கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன், வேண்டாம். பாவம்ங்கறது ஒரு பக்கம், படமும் நல்லா வராது, அதான் எனக்கு பெரிய கடுப்பு. பூச்சிக்கு நம்மள மாதிரி சொந்தமா உடம்ப சூடா வெச்சுக்க முடியாது, குளிர்ல விட்டா அப்படியே மரத்துப்போயிடும், காலெல்லாம் உள்ள மடங்கிக்கும், உணர்கொம்பு தொங்கிப்போயிடும், அத எடுத்து கரூர் வெயில்ல ஒரு இலை மேல வெச்சா மேலெல்லாம் தண்ணி பூத்து நிக்கும், அத "பனித்துளி"ன்னு தலைப்பு போட்டு விடுவாங்க. பூச்சிய நாலு வருஷம் பாத்தவன் யாரா இருந்தாலும் அந்த காலு நிக்கிற விதத்த வெச்சே சொல்லிடுவான். தவள வண்டு மேல சவாரி போற மாதிரி, இலைய குடையா பிடிச்சிருக்கற மாதிரி படம் வருது பாருங்க, அதுவும் இந்த ஜாதிதான், லைக் போடாதீங்க.

அசையாத பூச்சி வேணும்னா அதுக்கு நேரம் இருக்கு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மாடிக்கு போங்க, மார்கழி தைல இன்னும் நல்லது. அத விட நல்லது பொழுது சாயுற நேரம். நீலப்பட்டை தேனீன்னு ஒண்ணு இருக்கு, வயித்துல நீல நீலமா வரி இருக்கும், தக்காளி கத்திரி பூவ கிடுகிடுன்னு அதிர வெச்சு மகரந்தத்த உதிர்க்கறது இதுதான். இதுல ஆம்பளைக்கு ராத்திரி தங்க கூடு கிடையாது. சாயங்காலமானா காஞ்ச குச்சியோ கொடி நுனியோ பாத்து தாடையால கடிச்சு பிடிச்சுக்கிட்டு அப்படியே தொங்கிக்கிட்டு தூங்கும், பல நேரம் வரிசையா கும்பலா தூங்கும். பழகுன குச்சிக்கே திரும்ப வர்றதும் உண்டு. எடம் தெரிஞ்சுட்டா உங்களுக்கு ஃப்ரிட்ஜ் எதுக்கு?

இப்ப லென்ஸுக்கு வருவோம். ஒண்ணும் வாங்க வேண்டாம், ரிவர்ஸ் ரிங் (லென்ஸ முன்பின்னா திருப்பி மாட்டுற வளையம்) மட்டும் வாங்குங்க, சில நூறு ரூபாய்ல கிடைக்கும். உங்க 18-55 முன்னாடி 58 எம்எம் த்ரெட்தான் (திருகு மரை) இருக்கும், மூடியிலயே எழுதியிருக்கும், ஒருக்கா பாத்துட்டு வாங்குங்க. லென்ஸ தலைகீழா திருப்பி மாட்டுனா அதுவே மேக்ரோ, அதுலயும் எல்லாம் உல்டா, 55ல வெச்சா பூச்சி சின்னதா தெரியும், 18ல வெச்சா ஒரு முசுறு எறும்பே ஃப்ரேம் பூரா வந்துடும், அதனால 55ல ஆரம்பிங்க. லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவுல சுமார் 4 செ.மீ. தான் இருக்கும், ஆட்டோஃபோகஸ் கிடையாது, நீங்கதான் முன்ன பின்ன சாய்ஞ்சு ஃபோகஸ் பண்ணணும். அபெர்ச்சர் (லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டை, எஃப் நம்பர் ஏற ஏற அது சின்னதாகும்) எப்படி மாத்தறதுன்னு கேப்பீங்க, லென்ஸ நேரா மாட்டியிருக்கும்போதே எஃப் 8 வெச்சுக்கிட்டு, லென்ஸ் பக்கத்துல டெப்த் ஆஃப் ஃபீல்டு ப்ரிவியூன்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும், அத அமுக்கி பிடிச்சுக்கிட்டே லென்ஸ கழட்டுங்க, அந்த எஃப் 8லயே நின்னுடும். அப்புறம் திருப்பி மாட்டுனா கேமரா 00ன்னு காட்டும், பயப்படாதீங்க, மேனுவல் மோடுல வெச்சுக்கிட்டா போதும். லென்ஸோட பின்பக்கம் வெளிய தெரியும், தூசி தண்ணி படாம பாத்துக்கோங்க, செடிக்கு தண்ணி விடுறதுக்கு முன்னாடி எடுத்து முடிச்சிடுங்க.

கண்ணு கிடைச்சா கால் கிடைக்கலன்னு சொன்னீங்க, அது உங்க தப்பு இல்ல, கணக்கே அப்படித்தான். பூச்சி எவ்வளவு பெருசோ அதே அளவு சென்சார்ல விழுந்தா 1:1ன்னு சொல்வாங்க. உங்க மாதிரி கேமராவுல 1:1ல எஃப் 11 வெச்சாக்கூட ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட ஷார்ப்பா இருக்காது. எஃப் 22க்கு போனா சரியாகிடும்னு நெனைக்காதீங்க, அவ்வளவு கிட்டத்துல எஃப் 11ங்கறதே கிட்டத்தட்ட எஃப் 22 மாதிரி ஆகிடுது, இன்னும் இறுக்குனா ஒளி செதறி மொத்த படமும் சோப்பு போட்ட மாதிரி ஆகிடும். அதனால ஆழத்த கூட்ட பாக்காதீங்க, கேமராவ சாய்ங்க. பட்டாம்பூச்சி இறக்கைய மூடி உக்காந்திருந்தா நேர் பக்கவாட்டுல போங்க, இறக்கை பூராவும் ஒரே தளத்துல வந்துடும். நிறைய படம் எடுத்து சாஃப்ட்வேர்ல அடுக்கி ஒட்டுற ஃபோகஸ் ஸ்டாக்கிங்கும் இருக்கு, எனக்கு என்னமோ அதுல பெருசா இஷ்டம் இல்ல, மியூசியத்துல ஊசி குத்தி வெச்ச மாதிரி ஆகிடுது. கண்ணு கூரா இருந்து மீதி கரைஞ்சு போனா எனக்கு அதுவே போதும்.

வெளிச்சத்துக்கு கேமராவுலயே இருக்கற ஃப்ளாஷ் போதும், பவர கொறச்சு வெச்சுக்கிட்டு ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200 இல்ல 400ல ஆரம்பிங்க. ஃப்ளாஷ்ல இருந்து லென்ஸ் நுனி வரைக்கும் ட்ரேசிங் பேப்பர வளைச்சு ஒட்டிடுங்க, இல்லன்னா வண்டு முதுகுல வெள்ளையா பொட்டு அடிக்கும். இன்னொண்ணு, ட்ரைபாட எடுத்துக்கிட்டு மாடிக்கு போகாதீங்க. எடது கையால அந்த கிளைய பிடிங்க, அதே கை மேல லென்ஸ சாச்சுக்கோங்க, காத்து அடிச்சா செடியும் கேமராவும் சேந்தே ஆடும்.

இதெல்லாம் ரெண்டு வாரத்துல கைக்கு வந்துடும். வராதது எதுன்னா எந்த செடில எங்க பாக்கணும்ங்கறது. உங்க கறிவேப்பிலைல பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தா தட்டி விடாதீங்க, கரும்பழுப்பும் வெள்ளையுமா இருக்கற அது பட்டாம்பூச்சியோட குட்டிப்புழு, வளந்தப்புறம் இலைப்பச்சையா மாறிடும், தொட்டா தலைக்கு பின்னாடி இருந்து சிவப்பா கவை மாதிரி ஒண்ண நீட்டி நாத்தம் விடும் (அந்த ஷாட் வேணும்னு குச்சியால குத்திக்கிட்டே இருக்காதீங்க). அவரைல கருப்பா அசுவினி அப்பியிருக்கும், வேப்பெண்ணெய் அடிக்கறதுக்கு முன்னாடி லென்ஸ வெச்சு பாருங்க, அதுல சிலது மட்டும் பழுப்பா ஊதிப்போய், சிலதுல முதுகுல வட்டமா ஓட்டையோட இருக்கும். அது குளவி வேலை, அசுவினிக்குள்ள முட்டை வெச்சு, குஞ்சு உள்ளயே தின்னு வளந்து ஓட்டை போட்டு வெளிய போயிருக்கு. ஓட்டை போட்டது நிறைய தெரிஞ்சா மருந்து அடிக்காம விட்டுடுங்க.

செம்பருத்தில மாவுப்பூச்சி இருந்தா இன்னும் கவனமா பாருங்க. அதுக்கு நடுவுல அதே மாதிரி வெள்ளை மாவா, ஆனா கொஞ்சம் பெருசா, நூல் நூலா தொங்கிக்கிட்டு, வேகமா ஓடுற ஒண்ணு இருக்கும். நம்ம ஆளுங்க அதையும் சேத்து நசுக்குவாங்க. அது மாவுப்பூச்சியே இல்ல, க்ரிப்டோலீமஸ்ங்கற பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சிய தின்னுதான் உயிர் வாழுது. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்தையும் காலி பண்ணுச்சே, எந்த மருந்துக்கும் அடங்கல, கடைசில 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து அசெரோஃபேகஸ் பப்பாயேன்னு ஒரு மில்லிமீட்டர்கூட தேறாத குளவிய வரவழைச்சு விட்டுத்தான் அடக்குனாங்க. அந்த குளவிய வெறும் கண்ணுல பாத்தா தூசின்னு ஊதி விட்டுடுவோம்.

கும்பிடுபூச்சி கிடைச்சா கண்ணுல ஒரு கருப்பு புள்ளி உங்களையே முறைக்கும், நீங்க எந்த பக்கம் போனாலும் கூடவே வரும். அது கண்ணுமணி இல்ல, நம்ம பக்கம் நேரா திரும்பியிருக்கற சின்னச்சின்ன கண்ணறைங்க வெளிச்சத்த உள்ள இழுத்துக்குது, திருப்பி அனுப்ப மாட்டேங்குது, அதான் கருப்பா தெரியுது. ஃபோகஸ அந்த புள்ளில வைங்க.

ரிங் வந்ததும் மொதல்ல அவரை அசுவினிய எடுத்து அனுப்புங்க, அது எங்கயும் ஓடாது. அனுப்பும்போது எந்த செடி, இலைக்கு மேலயா அடியிலயா, காலைலயா சாயங்காலமான்னு எழுதுங்க தம்பி, வெறும் படத்த மட்டும் அனுப்பி "இது என்ன பூச்சி சார்"னு கேட்டா நான் பதில் போடறதில்ல.