தேசிய நூலகத்துக்குப் புத்தகம் அனுப்ப முகவர் எதற்கு?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியன். எங்கள் ஊர்க் கோயிலின் வரலாற்றை எழுதி, சொந்தச் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. கொல்கத்தா தேசிய நூலகத்தில் அதைப் பதியாவிட்டால் வழக்கு வரும் என்றும், பதிந்தால் பதிப்புரிமைச் சான்றிதழ் கிடைக்கும் என்றும் கூறி ஒரு முகவர் 4,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் சொன்னதில் பாதி உண்மை, மீதி வியாபாரம். வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1903இல், பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இம்பீரியல் நூலகமே 1948இல் தேசிய நூலகம் என்று பெயர் மாறி, பெல்வெடேர் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 1954இல் வந்த நூல் வழங்கல் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை அதன் வெளியீட்டாளர் 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே அங்கு சேர்ப்பிக்க வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகிய மூன்றுக்கும் இதே போல் ஒவ்வொரு பிரதி உண்டு. இதற்குப் பதிவுக் கட்டணம் என்று எதுவும் கிடையாது. நான்கு பிரதிகளும் தபால் செலவும்தான் உங்கள் கடன்.

கெடு தாண்டிவிட்டதே என்று அஞ்ச வேண்டாம், இப்போதே அனுப்பிவிடுங்கள். சட்டம் விதிக்கும் அபராதத்தின் உச்ச வரம்பு 50 ரூபாய், அதனுடன் நூலின் விலை. அரசு அதிகாரமளித்த அலுவலர் புகார் செய்தாலன்றி நீதிமன்றம் இதை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது. 1954இல் எழுதிய அந்த ஐம்பதை இன்றுவரை திருத்தாமலும், சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு இப்படியொரு கடமை இருப்பதைச் சொல்லாமலும் இருந்துவிட்டு, நூல்கள் வந்து சேரவில்லை என்று வருந்துவதில் என்ன பொருள்? அந்த மௌனத்தில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள்.

பிரதி கிடைத்ததற்கு நூலகம் எழுத்தில் தரும் ரசீது பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே. பதிப்புரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பதிப்புரிமை நீங்கள் எழுதியபோதே உங்களுடையதாகிவிட்டது; அதைப் பதிய விரும்பினால் அதற்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. கன்னிமாராவுக்கு ஒரு பிரதி போனால் நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை, தானாக வந்துவிடும் என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். அது வேறு விண்ணப்பம், வேறு நடைமுறை.

மறுபதிப்பு பற்றிப் பலரும் குழம்புவதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதற்பதிப்பை முறைப்படி அனுப்பியிருந்து, அடுத்த பதிப்பில் எழுத்திலோ படங்களிலோ வரைபடங்களிலோ எந்தச் சேர்க்கையும் மாற்றமும் இல்லையென்றால், மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். முதற்பதிப்பை அனுப்பாமல் விட்டவருக்கு இந்த விலக்கு இல்லை. விடுபட்ட ஒரு கல்வெட்டுப் பகுதியை இரண்டாம் பதிப்பில் நீங்கள் சேர்த்தாலும் இல்லை. கோயில் வரலாறு எழுதுகிறவர்கள் அப்படிச் சேர்க்காமல் இருப்பதில்லை என்பதால், உங்களுக்கு இந்த விலக்கு உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்கத்தாவுக்கு உங்களிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்த பிரதி போக வேண்டும்: நல்ல தாள், கட்டு குலையாதது, படங்கள் எல்லாம் இருப்பது. மற்ற மூன்றுக்கும் விற்பனைப் பிரதியே போதும். விரைவு அஞ்சலில் அனுப்பி, அஞ்சலகச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அனுப்புவதற்கு முன், வெளியீட்டு விவரம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெளியீட்டாளர் என்று உங்கள் பெயர் இருக்கிறதா, அச்சிட்டுக் கொடுத்தவர் பெயரா? சிலர் தங்கள் பதிப்பகத்துக்கு வாங்கிய ஐஎஸ்பிஎன் எண் (நூல்களுக்கான சர்வதேச அடையாள எண்) ஒன்றைப் போட்டு, அதற்கும் பணம் வாங்கிக்கொண்டு, பட்டியல்களில் தாங்களே வெளியீட்டாளராகிவிடுகிறார்கள். அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றியே வழங்குகிறது. அடுத்த பதிப்புக்கு நீங்களே இணையத்தில் விண்ணப்பித்துக்கொள்ளலாம்.