கடிகாரம் இல்லாமல் காலத்தைக் காட்ட முடியாதா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘காலம்’ பற்றி ஒரு நிமிட வீடியோ எடுத்து வரச் சொன்னேன். பாதிக்கு மேல் சுவர்க் கடிகாரம், சோக இசை, கடைசியில் ‘காலம் பொன் போன்றது’ என்று எழுத்து. வேறு மாதிரி யோசிக்க வைப்பது எப்படி?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: தலைப்பை மாற்றிக் கொடுங்கள். ‘காலம்’ என்று மொட்டையாகச் சொன்னால் பெரியவர்களே கடிகாரத்தைத்தான் தேடுவார்கள். ‘கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக நடக்கிற ஒன்றை எடுத்து வா’ என்று சொல்லிப் பாருங்கள். உதாரணத்துக்கு இட்லி மாவு. காலையில் மாவு பொங்கி நிற்பதைப் பார்த்திருக்கிற பிள்ளை, அது பொங்குவதைப் பார்த்ததே கிடையாது. கண்ணாடிப் பாத்திரத்தில் பாதி வரை மாவை ஊற்றி, விளக்கை அணைக்காமல், போனை அசையாமல் நிறுத்தி சார்ஜில் போட்டுவிட்டு, நிமிடத்துக்கு ஒரு படம் என்று 8 மணி நேரம் எடுத்தால் 480 படம். நொடிக்கு 24 படமாக ஓடவிட்டால் 20 நொடி, அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். எனக்கு வீடியோவைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ஒரு ராத்திரியை 20 நொடிக்குள் அடைக்க எதையெல்லாம் விட்டோம் என்ற கேள்வி அங்கேதான் வரும்.

அப்புறம் வேகமானவை. ஓடுகிற குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்பது கண்ணுக்குப் பிடிபடாத சங்கதி. 1878-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 12 கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்து, எழும்புகிறது என்று காட்டினார். இன்று பல செல்போன்களிலேயே நொடிக்கு 240 படம் எடுக்கலாம். அதை 30-ஆக ஓட்டினால் ஒரு நொடி 8 நொடியாக நீளும். சாட்டையை விட்டுக் கழன்ற பம்பரம் தரையைத் தொடுவதை எடுக்கட்டும்.

பின்னோக்கி ஓட்டுவதையும் விடாதீர்கள். சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியர் சகோதரர்கள் 1896-லேயே, இடிந்த சுவர் எழுந்து நிற்பதாக அப்படிக் காட்டியிருக்கிறார்கள். கயிற்றில் தொங்கவிட்ட ஊசல் குண்டு ஆடுவதைப் பின்னோக்கி ஓட்டினால் அநேகமாக வித்தியாசமே தெரியாது, பாலில் டிகாஷன் கலப்பதை ஓட்டினால் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஏன் என்று வகுப்பில் கேளுங்கள், அந்த ஒரு கேள்விக்கே ஒரு பீரியட் போதாது.

முதல் சுற்றில் இசையும் எழுத்தும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எல்லா வீட்டிலும் போன் கிடைக்காது, அதனால் நான்கு பேருக்கு ஒரு போன் என்று குழு பிரித்துவிட்டால் யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்காது.