கங்கையில் ராஃப்டிங், பக்கத்தில் கூடாரம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

காற்றடைத்த ரப்பர் படகில் (அதுதான் ராஃப்ட்) துடுப்புப் போட்டு ஆற்றோடு இறங்குவதுதான் ராஃப்டிங். அதற்காக ரிஷிகேஷுக்கு நண்பர்கள், உறவினர்கள் என்று குழு சேர்த்துக்கொண்டு ஏழு முறை போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர். நான்கு பேருக்கு நீச்சல் தெரியாது. போகலாமா? (மதுரை)

போகலாம். உங்களை மிதக்க வைப்பது லைஃப் ஜாக்கெட். ஆனால் அதைச் சரியாகக் கட்டியிருக்க வேண்டும். என் இரண்டாவது பயணத்தில் ஒரு நண்பர் மூச்சு முட்டுகிறது என்று பட்டைகளைத் தளர்த்திக்கொண்டார். கைடும் கவனிக்கவில்லை. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறிக் காதுவரை வந்து முகத்தை மறைத்துவிட்டது. அவர் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தார். இழுத்துப் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால் கட்டி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையைத் தொட்டால் மறுபடி இறுக்குங்கள். பன்னிரண்டு பேருக்கும் இதை நீங்களே செய்து பாருங்கள்.

கேள்வி: 9 கி.மீ., 16 கி.மீ., 25 கி.மீ. என்கிறார்கள். எதை எடுப்பது அண்ணே? (கோவை)

எல்லாமே ரிஷிகேஷை நோக்கி இறங்கும் தூரங்கள்தான் தம்பி. பிரம்மபுரியில் ஏறினால் 9, ஷிவ்புரியில் ஏறினால் 16, மரைன் டிரைவில் ஏறினால் ஏறத்தாழ 25. இன்னும் மேலே கௌடியாலாவில் ஏறினால் 35 கி.மீ. அளவுக்கு வரும்.

முதல் முறை என்றால் ஷிவ்புரி. 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெயர் வைத்திருக்கும் ரேபிட்கள் (தண்ணீர் பாறைகளுக்கு நடுவே கொந்தளித்து ஓடும் இடங்கள்) அந்தப் பாதையில்தான் வரும். நடுவே தண்ணீர் அமைதியாக ஓடும் இடங்களும் உண்டு, மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். கௌடியாலாவுக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே 'தி வால்' என்று ஒன்று இருக்கிறது. ராஃப்டைக் கவிழ்ப்பதில் பேர்போனது. முன்அனுபவம் இல்லாத குழு அதற்குப் போக வேண்டாம். உங்கள் குழுவில் யார் அதிகம் பயப்படுகிறாரோ அவரை வைத்துத் தூரத்தை முடிவு செய்யுங்கள். துணிச்சல்காரரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: ஆற்றங்கரை மணலிலேயே கூடாரம் என்று விளம்பரம் பார்த்தேன். உண்மையா? (சென்னை)

ஒரு காலத்தில் உண்மை. 2015 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரைக்கும் ஆற்றங்கரை மணலில் முகாம் போடத் தடை விதித்தது. குப்பையும் கழிவும் கங்கையில் சேர்கிறது என்பதுதான் காரணம். ராஃப்டிங்குக்கு அந்தத் தடை இல்லை. இப்போது நீங்கள் பார்க்கும் முகாம்கள் பெரும்பாலும் ஆற்றைவிட்டுத் தள்ளி, மலைச்சரிவிலோ ஓடைப் பக்கமோ இருக்கும். முன்பணம் கட்டும் முன்பே "ஆற்றுக்கு எவ்வளவு தூரம், கழிவறை உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது" என்று கேட்டுவிடுங்கள். மணலில் படுக்கும் சுகம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அந்த உத்தரவு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். மேலே, கங்கைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாகீரதி ஆற்றில் டெஹ்ரி அணை இருக்கிறது. தண்ணீர் திறக்கும் நேரத்தைப் பொறுத்துக் கீழே மட்டம் ஏறும், இறங்கும். ஒரு சாயங்காலம் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் குச்சியையும் காணவில்லை, முந்தின நாள் நாங்கள் உட்கார்ந்த பாறையில் பாதியையும் காணவில்லை. மழை ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை.

கேள்வி: எந்த மாதம் நல்லது? (திருச்சி)

அக்டோபர், நவம்பர். மழைக் கலங்கல் தெளிந்து தண்ணீர் பச்சையாக இருக்கும், குளிரும் தாங்கலாம். ஜூலை, ஆகஸ்டில் வெள்ளத்துக்காக ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். மே மாத வார இறுதியைத் தவிருங்கள், போக்குவரத்து நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும்.

கேள்வி: தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? (ஈரோடு)

மல்லாந்து படுங்கள். கால்கள் முன்னால், ஆறு ஓடும் திசையில். கால் கட்டைவிரல் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் பாதம்தான் முட்ட வேண்டும், தலை முட்டக் கூடாது.

எழுந்து நிற்க மட்டும் முயலாதீர்கள். இடுப்பளவு தண்ணீர்தானே என்று தோன்றும். வேகமாக ஓடும் தண்ணீரில் காலை ஊன்றினால் பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். வேகம் குறைந்து, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்த பிறகு எழுந்தால் போதும். கயிறு வீசினால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பிடித்ததும் கயிறு தோள்மேல் வரும்படி மல்லாந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கைடு பேசும் இந்தி எங்களுக்குப் புரியாதே? (விருதுநகர்)

கட்டளைகள் ஆங்கிலத்தில் ஐந்தாறுதான்: 'ஃபார்வர்ட்', 'பேக்வர்ட்', 'ஸ்டாப்', 'ஹோல்ட் ஆன்', 'கெட் டவுன்'. ஏறும் முன் கரையிலேயே ராஃப்டில் உட்கார்ந்து இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். 'கெட் டவுன்' என்றால் உள்பக்கம் இறங்கிக் குனிய வேண்டும். நம்மாட்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வீடியோவுக்குக் கை தூக்குவார்கள். அப்புறம், துடுப்பின் மேல்முனையில் டி வடிவப் பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியே இருக்கட்டும். கை நழுவினால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லைத்தான் பதம் பார்க்கும்.

கேள்வி: என் பையனுக்குப் பத்து வயது, அம்மாவுக்கு ரத்த அழுத்தம். (சேலம்)

பையனுக்கு இப்போது வேண்டாம். அங்கே 14 வயது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். "பரவாயில்லை, ஏற்றிக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒன்றுக்காகவே அவரைத் தவிர்க்கலாம். அம்மா மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். பனி உருகி வரும் தண்ணீர், முகத்தில் அடித்ததும் உடம்பு ஒரு கணம் விறைக்கும்.

கேள்வி: என்ன உடுத்துவது? (நாகர்கோவில்)

சீக்கிரம் உலரும் பாலியஸ்டர் சட்டை, அரைக்கால் சட்டை, பின்பட்டை வைத்த செருப்பு. ஜீன்ஸ் வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லோரும் தயார். ஒரு தோழி மட்டும் மறுக்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது? (தஞ்சாவூர்)

சம்மதிக்க வைக்காதீர்கள். பயத்தோடு ஏறுகிறவர் கட்டளை காதில் விழாமல் உறைந்துவிடுவார். அது அவருக்கும் ஆபத்து, ராஃப்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. நீங்கள் கரையேறும் இடத்துக்கு அவர் ஜீப்பில் வந்துவிடலாம். உங்கள் உலர்ந்த துணி மூட்டை அவரிடம் இருக்கட்டும். நடுங்கிக்கொண்டு இறங்கும்போது கரையில் அவர் துண்டோடு நிற்பது எவ்வளவு ஆறுதல் என்று அப்போது தெரியும். மறுநாள் அவராகக் கேட்டால் மட்டும் பிரம்மபுரியிலிருந்து அந்த 9 கி.மீ. கூட்டிப் போங்கள்.