படம் யாருடையது? குடியாத்தம் அம்மாவுக்கு ஒரு பதில்

பி.காம். முடித்த மகன் கேமராவும் கையுமாக அலைகிறார், இடையில் படமும் வரைகிறார், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. போடும். எவ்வளவு போடும் என்பதில் கைத்திறமைக்குப் பாதிப் பங்கு. மீதிப் பங்கு அவர் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார் என்பதற்கு. லென்ஸ் வாங்க நகையை அடகு வைப்பதற்கு முன் அந்த இரண்டாவது பாதியைப் பேசிவிடலாம்.

நில விவகாரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தம்பி தன் விருப்பத்துக்கு ஒரு படம் எடுத்தால், எடுத்த நொடியே அதன் பட்டா அவர் பேரில். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்யவேண்டிய கட்டாயம்கூட இல்லை. அந்த உரிமை அவர் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நிற்கும். பேரன் பேத்திக்கும் போகும் சொத்து.

சிக்கல் கூலிக்கு எடுக்கும் படத்தில்தான். காசு வாங்கிக்கொண்டு, ஒருவர் சொல்லி எடுத்துக் கொடுக்கும் புகைப்படத்துக்கும் வரைந்து தரும் ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். காட்பாடியில் எடுக்கும் கல்யாணப் படம் கல்யாண வீட்டுக்காரருடையது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு எடுத்த கேட்லாக் படம் கம்பெனியுடையது. அதைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாகப் போடவும் தம்பி அனுமதி கேட்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு வம்பில் மாட்டுகிறார்கள். கட்டுரை எழுதித் தருபவருக்கு இந்த விதி இல்லை. வெளியாள் எழுதிய எழுத்து, காசு வாங்கினாலும், எழுதியவரிடமே இருக்கும். மாதச் சம்பளத்துக்கு ஸ்டூடியோவில் சேர்ந்தால் வேலையின் பகுதியாக எடுப்பதெல்லாம் முதலாளிக்கு. பத்திரிகை வேலை என்றால் மட்டும் ஒரு சலுகை: பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் நிர்வாகத்துக்கு; அதே படங்களைப் பின்னாளில் புத்தகமாகப் போடும் உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, எடுத்தவருக்கே.

மருந்து எளிது. கொட்டேஷனிலேயே ஒரு வரி: "பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும். நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு, இந்தியாவுக்குள், கேட்லாகிலும் தன் இணையதளத்திலும் பயன்படுத்தலாம்." அட்வான்ஸ் வாங்கும்போதே கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும், படம் கைக்குப் போன பிறகு யாரும் போடமாட்டார்கள். நேரில் முடியாவிட்டால் மின்னஞ்சலில் "சம்மதம்" என்று பதில் வாங்கட்டும். வாட்ஸ்அப் பதிலும் ஒன்றும் இல்லாததற்கு மேல், அழிக்காமல் இருந்தால்.

இதைக் குத்தகை என்று வைத்துக்கொண்டால், உரிமையை எழுதிக் கொடுப்பது கிரயம். கிரயத்துக்கு எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம், வாய்ச்சொல் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை, ஒப்பந்தத்தில் வேறு ஏதும் சொல்லாதிருந்தால், திரும்பிவிடும். அதனால்தான் விவரமான கம்பெனிகள் "என்றென்றைக்கும், உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும்" என்று எழுதுகின்றன. அந்த வரி வந்தால் விலையைப் பல மடங்கு சொல்லச் சொல்லுங்கள், அல்லது அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். புகைப்படப் போட்டி விதிகளிலும் இது ஒளிந்திருக்கும். பரிசு கிடைக்காதவர் படமும் சேர்ந்து போய்விடும்.

புத்தகம் போட்டால் ராயல்டியில் சதவீதத்தைவிட "எதன் மேல்" என்பதே கேள்வி. 250 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால், அட்டை விலையில் 10 சதவீதம் 12,500 ரூபாய். கடைக்கு 40 சதவீதம் கழிவு போன தொகையில் அதே 10 சதவீதம் 7,500 தான். ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை அச்சிட்டது, எத்தனை விற்றது என்ற கணக்கு தரவேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளட்டும். ராயல்டி தரும்போது வரி பிடித்தால் பதற வேண்டாம். பான் எண் கொடுத்திருந்தால் 10 சதவீதம், கொடுக்காவிட்டால் 20. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

பாட்டு எழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் ராயல்டி வசூலித்துத் தருகிறது. புகைப்படக்காரருக்கு இங்கே அப்படி ஒரு வசூல்காரர் இல்லை. தன் வசூலைத் தானே பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரிலேயே தீப்பெட்டி லேபிளும் லுங்கியும் இருப்பதால் ஒரு நுணுக்கம். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை என்றாலும், செய்ய விரும்பினால் சாதாரண ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். சரக்கின் மேல் ஒட்டும் லேபிள் ஓவியமென்றால் 2,000; கூடவே வணிகச்சின்ன அலுவலகத்தின் சான்றும் வேண்டும். லுங்கிக் கட்டம், ஷூ வடிவம் போன்றவை வேறு கதை. டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தறியிலோ எந்திரத்திலோ 50 பிரதிக்கு மேல் அடித்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும். கடைக்குப் போகும் முன்பே டிசைனாகப் பதிந்துவிட வேண்டும்; 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

திருட்டு நடந்தால் முதல் தவறு, உடனே சண்டைக்குப் போவது. திருடியவர் பக்கத்தை அழித்துவிடுவார், சாட்சியும் போய்விடும். முதலில் இணைய முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட். கேமராவின் மூல ஃபைலைத் தொடாமல் தனியே வைப்பது. பிறகு தளத்துக்கு எழுத்து மூலம் புகார்: முறையான புகார் போனால் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் விதி. 21 நாளுக்குள் தம்பி நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளத்தார் திரும்பத் திறந்துவிடலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வக்கீல் நோட்டீஸ் அனுப்புமுன் உரிமை நிச்சயமாகத் தன்னுடையதுதானா என்று பார்க்கட்டும். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிர்த்தரப்பே வழக்குப் போடலாம். வேலூர்க் கோட்டை அகழித் தண்ணீரில் கோபுரத்தின் பிம்பம் விழும் அதே கோணத்தை வேறொருவர் தானே எடுத்தால் அது திருட்டு ஆகாது.

வழக்கு என்று வந்தால் மும்பைக்கோ டெல்லிக்கோ ஓட வேண்டியதில்லை. உரிமையாளர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று இந்தச் சட்டம் தனிச் சலுகை தருகிறது, தம்பிக்கு வேலூர். நஷ்டஈடு கேட்க 3 ஆண்டு அவகாசம். லாபத்துக்காகத் தெரிந்தே செய்த திருட்டென்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

கிரயம் செய்த பிறகும் ஒன்று மிஞ்சும்: தன் பெயரைக் கேட்கவும், படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் உள்ள உரிமை. அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசே பெயர்த்து நாசமாக்கிய வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் நஷ்டஈடு தரவும் உத்தரவிட்டது.

இதெல்லாம் தம்பிக்குப் பிடித்துப்போனால் மூன்றாண்டுச் சட்டப் படிப்பையும் யோசிக்கலாம். அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும். படத்தின் எண், யாருக்குக் கொடுத்தது, எதற்கு, எந்தத் தேதி வரை, வந்த தொகை என்று ஐந்து பத்தி. முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு ஃபோனில் அலாரம் வைத்து, கம்பெனிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் எழுதி அனுப்பட்டும்.