பூச்சிமருந்தும் உலோகமும் கலந்த நீரில் நத்தையின் உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் வயல்களில் காணும் ஆப்பிள் நத்தையை (பைலா குளோபோசா) எடுத்துக்கொள்வோம்.

காட்மியம், செம்பு போன்ற உலோகங்கள் பெரும்பாலும் செரிமானச் சுரப்பியில் சேரும். அங்கே கந்தகம் மிகுந்த மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம் அவற்றைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. செம்பு நத்தைக்குத் தேவையானதும்கூட. ஆக்சிஜனைச் சுமக்கும் அதன் நீலநிற இரத்தப் புரதமான ஹீமோசயனின் செம்பை வைத்துத்தான் இயங்குகிறது. அளவு மீறும்போதுதான் ஆபத்து. மெட்டலோதயோனின் பிடிக்கு மிஞ்சிய உலோகம், செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்கும். கேட்டலேஸ் என்ற நொதி, குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு முதலியவை அவற்றை அடக்கப் போராடும். முடியாவிட்டால் செல்சவ்வின் கொழுப்பு கெடும்.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் தாக்குவது நரம்பை. நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி முடங்குவதால் அது நிற்காமல் ஓடும். ஊர்வதும் மேய்வதும் குலையும். ஆற்றலுக்காகச் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளும் கரையும்.

நத்தைகள் சாவதற்கு முன்பே இவையெல்லாம் தெரிந்துவிடும். அதனால் செத்த நத்தைகளை மட்டும் எண்ணி நீரின் தரத்தைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒரே நொதியை நம்புவதும் தவறு: கேட்டலேஸ் குறைந்த மாசில் கூடலாம், கடும் மாசில் சரியலாம். உலோகம், நரம்பு நொதி, கொழுப்புச் சிதைவு மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும்.