எழுதிக்கொடு, எழுதிக்கொள்

கேள்வி: அமெரிக்கப் பழங்குடி மொழியான காருக்கில், 'இன்னொருவருக்காகச் செய்' என்பதை வினையோடு ஒட்டும் ஒரு விகுதியே சொல்லிவிடும் என்று படித்தேன். நாம் 'எனக்காக', 'அவளுக்காக' என்று தனியே சொல்ல வேண்டியிருக்கிறதே. தமிழில் அந்த வசதி இல்லையா, ஐயா?
வாசகி ஒருவர், காவேரிப்பட்டணம்

பதில்: இருக்கிறது, அம்மா. நாள் முழுவதும் வாயில் புழங்குவதால் அது கண்ணில் படுவதில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது தருமபுரியில் ஓர் அரசு அலுவலக வாசலுக்குப் பாட்டி என்னைக் கூட்டிப்போனார். புளியமரத்தடியில் மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். "தம்பி, எனக்கு ஒரு மனு எழுதிக் கொடு" என்றார் பாட்டி. அவர், "பேரைச் சொல்லுங்கள் பாட்டி, எழுதிக் கொள்கிறேன்" என்றார். 'கொடு' என்றால் பயன் அடுத்தவருக்கு. 'கொள்' என்றால் எழுதுகிறவருக்கே. எழுதும் வேலையில் மாற்றமில்லை, அது யாருக்கு என்பதுதான் மாறுகிறது. அந்த ஆண்டு முழுவதும் இந்த இரண்டு சொற்களையும் நான் வினைகளுக்குப் பின்னால் ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கலிபோர்னியாவின் வடக்கே கிளமத் ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் காருக் மக்கள். 'காருக்' என்றாலே ஆற்றின் மேல்பக்கம் என்று பொருள். ஆற்றுக்கு எதிராகப் போவது, ஆற்றோடு போவது, அக்கரைக்குக் கடப்பது ஆகியவற்றுக்கெல்லாம் வினையில் தனித்தனி விகுதிகள் உண்டு. வினைக்கு முன்னால் வரும் ஒரே ஒட்டு, செய்கிறவர் யார், செயல் யாரைச் சேர்கிறது என இரண்டையும் சேர்த்துக் காட்டும். இன்னொருவருக்காகச் செய்வதைக் காட்டும் விகுதியும் அந்த விகுதிக் குடும்பத்தில் ஒன்றுதான்.

இந்த மொழிக்கு 1957-இல் இலக்கணம் எழுதியவர் வில்லியம் பிரைட். அம்மக்கள் அவருக்கு, 'சொற்களைக் கேட்டு விசாரிக்கும் சின்னவன்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1958-இல், அவர் பேச்சுக் கன்னடத்தைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். ஒகேனக்கல்லுக்கு அக்கரையில் பேசும் மொழி அது! இதை அறிந்த நாளிலிருந்து எனக்குக் கிளமத் தொலைவாகத் தோன்றுவதில்லை.

கன்னடத்திலும் நம்மைப் போலவே 'மாடிகொடு' (செய்து கொடு), 'மாடிகொள்ளு' (செய்துகொள்) உண்டு. ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கில் பிறருக்குச் செய்வது 'சேசி பெட்டு', தனக்குச் செய்வது 'சேசுகோ'. சோறு பரிமாறுவதற்கும் அங்கே 'பெட்டு' என்பதே சொல். நாமும் 'சோறு போடு' என்கிறோம்; 'ஆக்கிப் போட்டாள்' என்று சொல்லும்போது அந்தச் சமையல் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் என்பது விளங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் 'போடு'தான்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். காருக் மொழியில் இருப்பது விகுதி. நம்முடையது இன்னும் வினைச்சொல்தான், ஆனால் பழைய பொருள் தேய்ந்துவிட்டது. 'கதவைத் திறந்து கொடு' என்னும்போது கையிலிருந்து கைக்கு எதுவும் மாறுவதில்லை. 'சொல்லிக் கொடு' என்பது கற்பிப்பதற்கே பெயராகிவிட்டது.

தொல்காப்பியர் இன்னும் நுட்பமாகப் பிரித்தார். எனக்கும் உனக்கும் என்றால் 'தரு', மூன்றாமவருக்கு என்றால் 'கொடு'. இன்று அந்த வரம்பு தளர்ந்துவிட்டது. என் பாட்டியும் தனக்கு வேண்டியதற்குக் 'கொடு' என்றுதான் கேட்டார். அதைப் பிழை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொடு, தா, போடு தவிர வேறு துணைவினை எதுவும் உங்கள் வீட்டில் இப்படி வழங்குகிறதா? களி கிண்டும்போது கவனித்து எனக்கு எழுதுங்கள், அம்மா.